ஒலிவாங்கி இல்லாத பள்ளத்தாக்கு

அத்தானோடு லிஃப்டில் ஏறினால் ஏறிய ஆளாகவே இறங்க முடியாது. ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் அக்கா குடும்பம் இருந்த அடுக்குமாடியின் லிஃப்ட் சரியான மெது. ஒன்பதாவது மாடிக்குப் போவதற்குள் உள்ளே நிற்கிற எல்லோரையும் எல்லோருக்கும் அறிமுகப்படுத்தி முடித்துவிடுவார். "இவவைத் தெரியுந்தானே? என்ர மனுசியின்ர தங்கச்சி. பாங்க் மனேஜர்" என்பார். நான் அப்போது கவுண்டரில் நின்று காசோலை வாங்கிக்கொண்டிருந்தேன். "அத்தான், நான் மனேஜர் இல்லை" என்று காதுக்குள் சொன்னால், "ஆகப்போறீர்தானே, பிறகென்ன?" என்பார்.

நான் மனேஜரானது பல வருடம் கழித்துத்தான். அத்தானின் பெருமை எப்போதும் உண்மைக்குக் கொஞ்சம் முன்னால் ஓடும். அதைப் பொய் என்றும் சொல்ல மனம் வராது. நடக்கப்போவதை நடந்துவிட்டதாகச் சொல்லிவிடுவார். பிறகு நாங்கள் மூச்சிரைக்க ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டும். எனக்குக் கார் லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் சொன்ன நாளில், நான் மூன்றாம் முறையும் பெயிலாகி வீட்டில் குப்புறப் படுத்திருந்தேன். அடுத்த தடவை பாஸ் பண்ணியதற்கு வெட்கமும் ஒரு காரணம்.

கிழமை நாட்களில் அவருக்கு ஒரு அச்சகத்தில் வேலை. சனி ஞாயிறுகளில் அறிவிப்பாளர். கல்யாணமோ பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடோ அறுபதாவது பிறந்தநாளோ, மண்டபத்தில் ஒலிவாங்கியோடு நிற்பவர் அவராகத்தான் இருப்பார். மற்ற அறிவிப்பாளர்கள் பகிடி விடுவார்கள், சாப்பாடு ஆயத்தம் என்பார்கள், வாசலை மறித்து நிற்கும் வெள்ளை நிற வான் வண்டியை எடுத்துவிடச் சொல்வார்கள். அத்தானுக்கு அதெல்லாம் சில்லறை வேலை. மணமக்களை வாழ்த்த மேடைக்கு வரும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, கூடவே நல்லதாக ஏதாவது சொல்லிக் கூப்பிடுவதற்காகத்தான் தன்னை அழைத்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார். அதற்காக விழா தொடங்குமுன்பே மேசை மேசையாகப் போய் விசாரிப்பார். "அண்ணை, உங்களைப் பற்றி ஒரு நல்ல விசயம் சொல்லுங்கோ பாப்பம்."

ஒருமுறை ஒருவர், "என்னட்டை என்ன தம்பி கிடக்கு? வேலையும் போட்டுது. சும்மா சொந்தக்காரர் எண்டு கூப்பிடும், காணும்" என்று தலையைக் குனிந்துகொண்டார். அத்தான் விடுகிற ஆளா? அவருடைய மனைவியிடம் போய்க் குந்திவிட்டார். சிறிது நேரம் கழித்து ஒலிவாங்கியில் அந்தப் பெயர் வந்தது. "பனி கொட்டினால் தன்ர வாசலோட பக்கத்து வீட்டு அம்மாவின்ர வாசலையும் வழிச்சுப்போட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் உள்ள போற மனுசன் இவர்!" மண்டபம் கைதட்டியது. அந்த மனிதர் எந்தப் பக்கம் படி இருக்கிறது என்று தெரியாமல் நடு மண்டபத்தில் நின்றார். எனக்கு அவர் யாரென்றே தெரியாது. என்றாலும் நானும் எழுந்து நின்று கைதட்டினேன்.

தன்னைப் பற்றி அத்தான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். யாராவது கேட்டால், "நான் சும்மா மைக் பிடிக்கிறவன்" என்று கழன்றுவிடுவார். இப்போது அவர் இல்லை. ஸ்காபரோவில் யாராவது பழைய கல்யாண வீடியோவைப் போட்டால் அவருடைய குரல் வரும், முகம் வராது. தேடிப் பார்த்தாலும் ஒரு ஓரத்தில் கோட்டுக் கை தெரியும், அவ்வளவுதான்.

ஊருக்கே இப்படி என்றால் பெற்ற பிள்ளைக்கு எப்படி என்று கேட்க வேண்டியதில்லை. ஆரணி ஒரே மகள். அவளுக்குப் பல் முளைத்ததே கட்டடம் முழுவதற்கும் தெரியும். வளர்ந்து, எல்லாப் பிள்ளைகளும் கணினி, கணக்கியல் என்று போனபோது, அவள் கல்லுப் படிக்கப் போனாள். அக்காவுக்கு அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அத்தானுக்குத் தெரிந்தது. "புவிச்சரிதவியல்!" என்பார், கடைசி எழுத்துவரை முழுதாக உச்சரித்து. கேட்பவர்கள் அது மருத்துவத்தைவிட ஒரு படி மேலான ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு போவார்கள். பல்கனியில் அவள் சேர்த்து வைத்த கற்களைப் பார்த்துவிட்டுக் கட்டடப் பொறுப்பாளர் பாரம் கூடிவிடும் என்று சண்டைக்கு வந்தார். அத்தான் அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து, ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்துக் காட்டினார். போகும்போது அந்த மனிதரே ஒரு கல்லை வாங்கிக்கொண்டு போனார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற கதை. இனி சொல்லப்போவதில் ஒரு பிழை இருக்கிறது. அது எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழை.

ஆரணி படிப்பின் கடைசி வருடத்தில் அரிசோனாவில் ஒரு பேராசிரியருக்கு எழுதிக் கேட்டிருந்தாள், உங்களிடம் மேற்படிப்புக்கு வரலாமா என்று. உங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது, தயவுசெய்து விண்ணப்பியுங்கள் என்று அவர் பதில் போட்டார். அந்த நாட்டில் அது ஒரு மரியாதை. கேட்கிற எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள். எங்கள் பழக்கம் வேறு. பெரிய மனிதர் ஒருவர் வாயைத் திறந்து "வா" என்றால் அது வந்ததுக்குச் சமம், மற்றதெல்லாம் சும்மா முறைக்கு. அத்தான் அதை அழைப்பு என்றே எடுத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில், ஆரணி பரிசோடு மேடைக்கு நடந்து போகும்போது ஒலிவாங்கி முழங்கியது. "அரிசோனாப் பாலைவனத்தின்ர பாறைகளை ஆராய்ச்சி செய்ய அழைக்கப்பட்டிருக்கும் செல்வி ஆரணி!"

மண்டபம் எழுந்து கைதட்டியது. ஆரணி மேடையில் நின்று, மணமகளின் கையைப் பிடித்தபடி, என்னைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

பனி கரையும் காலத்தில், அவள் போட்ட விண்ணப்பத்துக்கு இடமில்லை என்று பதில் வந்தது. அவளுக்கு அது பெரிய அடி. அதைவிடப் பெரிய அடி லிஃப்ட்தான். "எப்ப பிள்ளை அரிசோனா?" "குளிருக்குத் தப்பீட்டாய், என்ன?" "அங்க பாம்பு கிடக்குமாம், கவனம்." ஒவ்வொரு மாடியிலும் ஒரு வாழ்த்து ஏறி இறங்கியது. அவள் படிகளில் நடக்கத் தொடங்கினாள். புத்தகப் பையோடு, மளிகைச் சாமானோடு, ஒன்பது மாடியும் நடை. அத்தானுக்கு இடம் கிடைக்காதது தெரியும். ஆனால் படி விசயம் விளங்கவில்லை. லிஃப்டில் எல்லோருக்கும் சொன்னார், "என்ர பிள்ளை லிஃப்டே எடுக்கிறேல்லை. அவ்வளவு உடற்பயிற்சி!"

அக்கா அதைக் கேட்டுவிட்டு வந்து அவரோடு சண்டை பிடித்தாள். ஏன் நடக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நான் போனபோது அவர் அடுப்படிக் கதிரையில் இருந்தார். கையில் ஆறிப்போன தேத்தண்ணி. "மைக்கில சொன்னதைத் திருப்பி எடுக்கிறது என்னெண்டு பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். அவர் தொழிலில் அப்படி ஒரு அறிவிப்பு இல்லை.

ஆரணி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இனி விண்ணப்பிப்பதில்லை. ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது, செப்டெம்பரில் தொடங்குவாள். அதற்கு முன்னால் ஒரே ஒரு ஆசை. பாடத்தில் படித்த பாறைகளையும் பள்ளத்தாக்குகளையும் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். "பாத்திட்டு விடுறன் சித்தி. அதுக்குப் பிறகு கல்லுக் கதையே வேண்டாம்" என்றாள். சுற்றுலா போகிற பிள்ளையின் முகம் இல்லை அது. செத்தவீட்டுக்குப் போகிற முகம்.

தனியே விடமாட்டேன் என்று அத்தான் ஒற்றைக் காலில் நின்றார். அக்காவுக்கு மொன்றியல் போய் வருவதற்குள்ளேயே பத்துத் தரம் குமட்டிச் சத்தி வரும், மலைப்பாதை நினைக்கவும் கூடாது. எனவே இரண்டாவது சாரதியாக நான். அந்த வீட்டு அடுப்படியில்தான் ஆரணி தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் வரலாம். ஆனா என்னைப் பற்றி ஒருத்தரிட்டயும் ஒரு வேர்டும் சொல்லக் கூடாது. படிப்பு, மார்க்ஸ், கல்லு, ஒண்டும். ப்ரொமிஸ்?"

அத்தான் மகளின் தலையைத் தடவினார். பிறகு, "ஓம் குஞ்சு. ப்ரொமிஸ்" என்றார். நான் மனதுக்குள் சிரித்தேன். மூச்சு விடாமல் இருக்கச் சொன்னால் இந்த மனிதர் இருந்துவிடுவார், இது எங்கே நடக்கப்போகிறது?

விமான நிலையத்திலேயே சோதனை தொடங்கியது. அமெரிக்க அதிகாரி கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் அந்த அதிகாரிக்குப் புவிச்சரிதவியல் முழுவதும் தெரிந்திருக்கும். அத்தான் வாயைத் திறந்தார், மூடினார், மகளைப் பார்த்தார். "வெக்கேஷன்" என்றாள் ஆரணி. "வெக்கேஷன்" என்றார் அத்தானும், கோயிலில் ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறவரைப்போல.

லாஸ் வேகஸில் இறங்கி ஒரு வாடகைக் காரை எடுத்தோம். பின் இருக்கையில் அக்கா கட்டித் தந்த சாமான்கள். இடிச்ச சம்பல், பருத்தித்துறை வடை, கருவாட்டுப் பொரியல், துண்டு போட்ட பாண். ஊர் தாண்டி ஒரு மணித்தியாலத்தில் வீடுகள் முடிந்துபோயின. அதற்குப் பிறகு மண், புதர், தூரத்தில் சிவப்பு மலை, நடுவில் தார் வீதி, அவ்வளவுதான். ஸ்ரௌவ்வில்லில் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள சோளக் காணியையே பெரிய வெளி என்று நினைத்திருந்தவள் நான். இங்கே வானத்தைப் பார்க்கக் கழுத்துப் போதவில்லை.

அத்தான் சத்தியத்தைக் காப்பாற்றினார். எப்படித் தெரியுமா? மகளைத் தவிர உலகத்தில் உள்ள எல்லோரையும் புகழ்ந்தார். சயன் பூங்காவின் பேருந்தில் ஒரு ஜெர்மன்காரரிடம் என்னை வங்கியின் முதுகெலும்பு என்று அறிமுகப்படுத்தினார். மறுபக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண்ணிடம், அந்த ஜெர்மன்காரர் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் மலையேறுகிறவர் என்று சொல்லிக் கைதட்ட வைத்தார். ஆரணியைக் காட்டி, இது யார் என்று அவர்கள் கேட்டார்கள். அத்தான் திக்குமுக்காடினார். "ஷீ இஸ் ஆல்சோ கமிங்" என்றார்.

ஆரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் அந்தப் பிள்ளை சிரித்து நான் காணவில்லை.

ஆனால் பிரைஸ் கன்யனில் சிரிப்புக் குறைந்துபோனது. அங்கே ஆயிரமாயிரம் கல்தூண்கள் பள்ளத்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. "கல்யாண வீட்டில சாப்பாட்டு லைனில நிக்கிற சனம் மாதிரி" என்றார் அத்தான். ஆரணி அவை எப்படி வந்தன என்று எங்களுக்குச் சொன்னாள். பகலில் பனி உருகிக் கல்லின் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும், இரவில் உறைந்து விரியும், கல் பிளக்கும். எத்தனையோ காலமாக இதேதான் நடக்கிறதாம். சொல்லும்போது அவள் கை இரண்டும் தானாக மேலே எழுந்தது, குரலும் எழுந்தது. சொல்லி முடித்துத் தகப்பனைப் பார்த்தாள். அத்தான் தலையை மட்டும் ஆட்டினார். "கெட்டிக்காரி" என்று சொல்லவில்லை.

நானும் அவளும் காருக்குத் திரும்பும்போது அவள் மெல்லக் கேட்டாள். "சித்தி, அப்பாக்கு போர் அடிக்குதோ?"

"நீதானே வாயைக் கட்டிப்போட்டாய்?"

"வேற ஆக்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டுதானே சொன்னனான். என்னட்டையுமா?"

அவளுக்கு அது குறையாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. பிறந்த நாளிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த சத்தம் அல்லவா? நின்றதும் தேடுகிறது.

அன்று மத்தியானம் பைன் மரங்களுக்குக் கீழே ஒரு மரமேசையில் பாணையும் சம்பலையும் வைத்துச் சாப்பிட்டோம். ஆரணி தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பப் போயிருந்தாள். "என்ன அத்தான், பிள்ளையோடயும் கதைக்கிறியளில்லை? அவள் கவலைப்படுறாள்" என்றேன்.

அவர் வடையை உடைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை.

"பயமா இருக்கு பிள்ளை" என்றார். "வாயைத் திறந்தால் எனக்கு அளவு தெரியாது. குழந்தை எழும்பி நிக்கேக்கையே நான் கையைத் தட்டிட்டன். அவள் அந்தச் சத்தத்தில விழுந்திட்டாள்."

"விழேல்லை அத்தான். டிசம்பர் வரைக்கும் நேரம் கிடக்கு, விண்ணப்பத்தைத் திருப்பிப் போடலாம். அவள்தான் மாட்டன் எண்டு நிக்கிறாள்."

"ஏன் மாட்டன் எண்டுறாள்? திருப்பியும் கிடைக்காட்டி நான் என்ன சொல்லிக்கொண்டு திரிவன் எண்ட பயம். எனக்குத் தெரியும்." வடையைக் கீழே வைத்தார். "நாங்கள் வந்த புதுசில, வேலைக்குப் போற இடத்தில ஒருத்தனும் என்ர பேரைச் சரியாக் கூப்பிட்டதில்லை. 'ஏய்' எண்டுதான். அப்ப நினைச்சனான், எங்கட சனத்தில ஒருத்தரையும் சும்மா கூப்பிடக் கூடாது, நல்லதா ரெண்டு சொல்லித்தான் கூப்பிட வேணும் எண்டு. அது பழகிப்போச்சு. அவளுக்கு அது பாரமா இருக்கும் எண்டு எனக்கு விளங்கேல்லை."

இவ்வளவு வருடப் பழக்கத்தில் அத்தான் தன்னைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். ஆரணி போத்தல்களோடு வந்துவிட்டாள். அவர் உடனே எழுந்து போய் போத்தல்களை வாங்கிக்கொண்டார்.

கிராண்ட் கன்யனுக்குக் கடைசியாகப் போனோம். விளிம்புக்குப் போகும்வரை அங்கே பள்ளம் இருப்பதே தெரியாது. காடு, கார் நிறுத்துமிடம், ஐஸ்கிறீம் கடை எல்லாம் சாதாரணமாக இருக்கும். பிறகு திடீரென்று நிலம் முடிந்துவிடும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கா வராதது எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். கீழே மலைகளுக்குள் மலைகள், அதற்குள்ளே இன்னும் பள்ளம், எல்லாவற்றுக்கும் அடியில் நூலளவுக்கு ஆறு.

ஆரணி கம்பியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இதைப் பார்க்கத்தான் வந்தாள், பார்த்துவிட்டாள், இனித் திரும்ப வேண்டியதுதான். அத்தான் அவளுக்கு ஒரு பக்கம், நான் மறுபக்கம். கடைசியில் அவளே தொடங்கினாள், எங்களுக்காக என்றுகூடச் சொல்ல முடியாது.

"மேல நாங்கள் நிக்கிற கல்லு ஒரு காலத்தில கடலுக்கு அடியில இருந்தது. அதுக்குள்ள சிப்பி கிடக்கும். அங்க சிவப்பாத் தெரியுதெல்லோ, அது இரும்பு. துருப்பிடிச்ச கலர். கீழ போகப் போகப் பழசு. ஆத்துக்குப் பக்கத்தில கறுப்பாக் கிடக்கிறதுக்கு விஷ்ணு எண்டு பேர் வச்சிருக்கிறாங்கள். அதுக்கும் அதுக்கு மேல உள்ள தட்டுக்கும் இடையில கோடிக்கணக்கான வருசத்துக் கல்லு இல்லை. மிஸ்ஸிங்."

"எங்க போட்டுது?" என்றார் அத்தான். பல நாட்களில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

"அரிச்சுக்கொண்டு போட்டுது அப்பா. பிறகு அந்த வெறுமைக்கு மேலதான் மற்றதெல்லாம் வந்து படிஞ்சது. படிக்கிற ஆக்களுக்கு இதுக்குள்ள ஆகப் பெரிய விசயமே அந்த இல்லாத இடந்தான்."

பின்னால் யாரோ, "அடேங்கப்பா" என்றார்கள். திரும்பிப் பார்த்தோம். சேலையும் ஓட்டச் சப்பாத்துமாக ஒரு அம்மா, தொப்பி போட்ட அவர் கணவர். மகனைப் பார்க்க மதுரையிலிருந்து பீனிக்ஸ் வந்தவர்களாம். தமிழ்ச் சத்தம் கேட்டு வந்து நின்றவர்கள் போகவேயில்லை.

"விஷ்ணுன்னா சொன்னே? நம்ம விஷ்ணுவா?" என்று கேட்டார் அந்த அம்மா. ஆரணி சிரித்துக்கொண்டு, அங்கே பிரம்மாவும் சிவனும்கூட இருக்கிறார்கள் என்று தூரத்துச் சிகரங்களைக் காட்டினாள். அவர்கள் ஒன்று கேட்க, அவள் இரண்டு சொன்னாள். கணவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல நின்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னும் சிலர், மொழி விளங்காதவர்களும், அவள் கை போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவர்களுக்காக ஆங்கிலத்திலும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. மண்டபத்தில் அத்தானின் குரல் எப்படிப் போய்க் கடைசி மேசையைத் தொடுமோ, அப்படித் தொட்டது. எனக்கு அந்த இடத்தில் நிற்கவே பெருமையாக இருந்தது. இவள் என் பெறாமகள் என்று கத்த வேண்டும்போல எனக்கே இருந்தது என்றால் அத்தானின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அந்த அம்மா சுற்றி வந்து அத்தானிடமே கேட்டுவிட்டார். "யாருங்க இந்தப் பொண்ணு? இவ்வளவு தெளிவாச் சொல்றாளே! என்ன படிச்சிருக்கா?"

தமிழ்த் தகப்பன் ஒருவரிடம் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. அதுவும் அத்தானிடம், அதுவும் சுற்றி ஆட்கள் நிற்கும்போது. அவர் நெஞ்சு மேலே ஏறியது. வலது கை தன்பாட்டில் மைக் பிடிக்கிறதுபோல் முகத்துக்கு நேரே வந்தது. நான் பின்னால் நின்று அவர் சேர்ட்டைப் பிடித்தேன்.

அவர் கையைக் கீழே விட்டார். இரண்டடி பின்னால் வந்தார்.

"அதை நீங்கள் அவவிட்டயே கேளுங்கோ அம்மா" என்றார்.

ஆரணி தகப்பனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம், சும்மா புத்தகத்தில் வாசித்தது என்று சொல்லியிருக்கலாம்.

"கல்லுத்தான் படிச்சனான், அன்ரி" என்றாள். "இஞ்ச அரிசோனாவில மாஸ்டர்ஸ் செய்யக் கேட்டனான். கிடைக்கேல்லை." நிறுத்தினாள். பிறகு, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, "திருப்பிப் போடப்போறன்" என்றாள்.

கிடைக்கவில்லை என்று அவள் வெளியாள் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் உச்சுக்கொட்டவில்லை. "போடும்மா, போடு" என்றார் தொப்பிக்காரர், அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி. அந்த அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் விரலை மடக்கித் திருஷ்டி கழித்தார். செப்டெம்பர் வேலை என் கண்முன்னாலேயே கரைந்து போனது. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

நான் பிடித்திருந்த சேர்ட் அப்போது என் கையைவிட்டு நழுவியது. அத்தான் முன்னால் போய்விட்டார். தொண்டையைச் செருமினார். எத்தனையோ மண்டபங்களில் கேட்ட அதே செருமல். முடிந்தது கதை, இனி பல் முளைத்ததிலிருந்து தொடங்கப்போகிறார், பிள்ளை திரும்பவும் ஓட்டுக்குள் போகப்போகிறாள் என்று நினைத்தேன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குச் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அந்தக் குரலுக்கு அப்படி ஆகி நான் கண்டதே இல்லை. கடைசியில், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத அளவு மெல்லிய குரலில் சொன்னார்.

"இவ என்ர மகள்."

அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சொன்ன கையோடு, செய்யக்கூடாததைச் செய்துவிட்டவரைப்போல ஆரணியின் பக்கம் திரும்பினார்.

ஆரணி கிட்டே வந்து அவருடைய கையைப் பிடித்தாள்.

"அது சொல்லலாம், அப்பா."